மறு: பழைய பாய்ப்படகு வாங்குறப்போ "சர்வே செலவு" - தமிழ்ல என்ன போடலாம்?

பண்டாரவளையிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள்ள குடுக்க வேண்டிய மொழிபெயர்ப்பு வேலை, அதனால நேரா விஷயத்துக்கு வாறேன். திருகோணமலையில ஒருத்தர் வெளிநாட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட பழைய பாய்ப்படகு வாங்கப்போறாரு, 32 அடி, ஃபைபர் உடம்பு. ஒப்பந்தம் இங்கிலீஷ்ல இருக்கு. பாதிக் காசு போடுறது அவரோட மச்சான், அவருக்குத் தமிழ்ல வாசிச்சாத்தான் கையெழுத்து வைப்பாராம்.

சிக்கல் ஒரே வரியில. வாங்குறதுக்கு முந்தி நடக்குற சர்வேக்கு, அதாவது தெரிஞ்ச ஆளை வச்சுப் படகு நல்லா இருக்கான்னு பார்க்குறதுக்கு, ஆகுற செலவு வாங்குறவரோடதுன்னு இருக்கு. நமக்கு சர்வேன்னா நில அளவை, திணைக்களத்துக்குப் பேரே அதுதான். "படகு அளவைச் செலவு"ன்னு போட்டா மச்சான் டேப்பு புடிச்சு நீளம் பார்க்குறாங்கன்னு நினைப்பாரு. பரிசோதனைன்னு போட்டா செய்யிறவர் பரிசோதகர், நம்ம ஊர்ல பரிசோதகர்னா ஒண்ணு பொலிஸ், இல்லாட்டி டெங்கு தேடி வர்ற பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர். மதிப்பீடுன்னா விலை போடுறதுன்னு ஆயிரும். நல்ல சொல்லா ஒண்ணு தாங்க.

ஹட்டன் மாஸ்டர்

தங்கச்சி, சொல் இல்லாம இல்ல, நாம தேடாம இருக்கோம். காசு நல்லதா கள்ளக்காசான்னு பார்த்துச் சொல்றவனுக்கு சங்க காலத்துல வண்ணக்கன்னு பேரு, புலவர் பேர்லயே இருக்கு, வடம வண்ணக்கன் தாமோதரனார். அந்த வேலைக்கு நோட்டம்னு பேரு. நாணய நோட்டம், ரத்தின நோட்டம்னு பின்னாடியும் வழங்குச்சு. பொருள் அடுத்தவனோடது, பார்க்குற கண்ணு மூணாம் ஆளோடது, இதுக்கு நோட்டத்தை விட்டா வேற சொல் கிடையாது. அதனால "படகு நோட்டம்", செய்யிறவர் "நோட்டகர்", செலவு "நோட்டக்கூலி".

நோட்டம் கசக்குதுன்னா தேர்வு. 'தேறற்க யாரையும் தேராது'ன்னு குறள் 509ல இருக்கே, தேராம நம்பாதேன்னு. இதை நாம பரீட்சைக்குன்னு ஒதுக்கிட்டோம். இந்தத் தேர் வேற, ஓடுற தேர் வேறன்னு சொல்வாங்க, எனக்கு அதுல சந்தேகம் உண்டு, ஆனா 'கடலோடா கால்வல் நெடுந்தேர்'னு வள்ளுவரே தேரையும் நாவாயையும் (கப்பலையும்) ஒரே குறள்ல கட்டிப்போட்டிருக்காரு, அது சும்மாவா?

இன்னொண்ணு, பாய்மரம்ங்கிறதுக்குப் பழைய சொல் கூம்பு. புறநானூறு 30ல 'கூம்பொடு மீப்பாய் களையாது' கப்பல் புகார்த் துறைக்குள்ள வருது. ஒப்பந்தத்துல மாஸ்ட் வர்ற இடத்துல எல்லாம் கூம்புன்னு போடுங்க.

நுவரெலியா

மாஸ்டர் கும்பிடுறேன். கூம்புன்னு போட்டா மச்சான் ஐஸ்கிரீம் கூம்பான்னு கேப்பாரு. நமக்குத் தெரிஞ்ச படகெல்லாம் கிரகரி வாவியில கால் மிதிச்சு ஓட்டுற அன்னப்படகு, அந்த வாவியே கவர்னர் கிரகரி 1873ல வெட்டினது. பாய்ப்படகுக்குச் சொல் செய்யிற வேலைக்கு 6000 அடி உசரத்துல உக்காந்திருக்கிற நாம எதுக்கு? "சர்வே செலவு"ன்னு தமிழ் எழுத்துல போட்டுட்டு போய்ட்டே இருங்க. பாங்க்ல லீசிங்ல எங்க பார்த்தாலும் அப்படித்தான் பேசுறாங்க, யாரும் செத்துப்போகல.

மஸ்கெலியா டீச்சர்

மாஸ்டர் மேல மரியாதை உண்டு, நோட்டம் நல்ல சொல்லுதான், ஆனா கூலி வேணாம். இந்தச் சொல்லை வச்சு தோட்டத்துல வேலை செஞ்ச நம்ம தாத்தா பாட்டியை என்னென்ன பேசினாங்கன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. நம்ம வாயில இருந்து இங்கிலீஷ்க்குப் போயி வசவா திரும்பி வந்த சொல்லு. நாமளே ஒரு கலைச்சொல்லுல அதைக் கொண்டுபோய் உக்கார வைக்கணுமா? கட்டணம்னு போடுங்க, செலவுன்னு போடுங்க.

ஹட்டன் மாஸ்டர்

டீச்சர், சொல்லு என்ன பாவம் பண்ணுச்சு? 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்', குறள் 619. வெள்ளைக்காரன் வாயில அழுக்காச்சுன்னு நம்ம வீட்டுச் சாமானை நாமளே தூக்கி எறியிறதா? அவன் எடுத்துட்டுப் போனதைத் திரும்ப வாங்கணும், அதுதான் என் கட்சி.

மஸ்கெலியா டீச்சர்

திரும்ப வாங்குறது பெரட்டுக்களத்துல, காலையில தோட்டத்து ஆளுங்களுக்குப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துல, நின்னவங்களோட உரிமை மாஸ்டர். படகு ஒப்பந்தத்துல வேணாம்.

அப்புத்தளை (இப்ப தெற்குக் கரையில படகு யார்ட்ல வேலை)

எல்லாரும் சொல்லைப் பத்தியே பேசுறீங்க, அந்த ஆளு என்ன செய்வாருன்னு சொல்றேன், அப்புறம் பேரு வைங்க. படகைத் தண்ணியில இருந்து மேல எடுத்துருவோம். அவரு ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலோட அடியில படுத்துக்கிட்டு, சாண் சாணா தட்டிக்கிட்டே போவாரு. 'டங்'குன்னா சரி, 'டொப்'புன்னு செத்த சத்தம் வந்தா ஃபைபர் பிரிஞ்சிருக்குன்னு அர்த்தம், சோக்கட்டியால வட்டம் போடுவாரு. ஈரம் பார்க்குற மீட்டரை வச்சு ரீடிங் எழுதுவாரு, ஃபைபர் தண்ணி குடிச்சுக் கொப்புளம் விட்டிருக்கான்னு. அப்புறம் படகு அடியில கனமா இருக்கிற கீலை (keel) உடம்போட புடிச்சிருக்கிற போல்ட், தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கிற வால்வு, பாய்மரத்தைக் கட்டி நிப்பாட்டுற கம்பி. இஞ்சினுக்குப் பல நேரம் தனி ஆள் வேணும், அவருக்குத் தனிக் காசு.

செலவு விஷயம். அமெரிக்காவுலயும் பிரித்தானியாவுலயும் வழக்கம் என்னன்னா சர்வேயருக்குக் காசு வாங்குறவர்தான். பெரும்பாலும் அடிக்கு இவ்வளவுன்னு கணக்கு. படகைக் கரையேத்துற காசும் வாங்குறவர் தலையில. விக்கிறவர் படகை யார்டுக்குக் கொண்டாந்து தருவாரு, கடல்ல ஓட்டிப் பார்க்குறப்போ கூட வருவாரு. அட்வான்ஸ் 10 வீதம் அளவுல நடுவுல ஒருத்தர்கிட்ட இருக்கும், ரிப்போர்ட் பிடிக்கலன்னா அது திரும்பி வரும், ஆனா சர்வேக்குப் போன காசு போனதுதான். இதெல்லாம் சட்டமில்ல, வழக்கம். பேசி மாத்திக்கலாம்.

விக்கிறவரு "நான் போன மாசம்தான் சர்வே எடுத்தேன், இந்தாங்க ரிப்போர்ட்டு, ஃப்ரீ"ன்னு நீட்டுவாரு. வாசிக்கலாம், நம்பி வாங்கக்கூடாது. சர்வேயர் பதில் சொல்ல வேண்டியது தன்னை அமர்த்தினவருக்கு. நீங்க காசு குடுக்கலேன்னா அவரு உங்க ஆளு இல்ல, நாளைக்கு அடியில ஓட்டை இருந்துச்சுன்னு போயி கேக்குறதும் கஷ்டம். என்னைக் கேட்டா அந்தக் காசு செலவே இல்ல, அவரை உங்க பக்கம் நிறுத்துற காசு.

தலவாக்கலை

தம்பி கடைசியா சொன்னது சரியான பேச்சு. நம்ம தோட்டத்துல பறிச்ச கொழுந்தை நிறுக்கிற கொழுந்து மடுவத்துல தராசு யாரோடது, புடிக்கிற கை யாரோடது? தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவுன்னு கிலோ கழியும், கழிக்கிறது வாங்குற பக்கம், நட்டம் பறிச்ச பக்கம். அதே கொழுந்து தேயிலையாயி கொழும்பு ஏலத்துக்குப் போனா கதை தலைகீழ், வாங்குறவங்க ருசி பார்க்குற சாம்பிள் விக்கிறவன் சரக்குல இருந்து போகுது, 1883ல ஏலம் தொடங்கினதுல இருந்து விக்கிறவன்தான் காட்டணும். ஆக யாரு குடுக்குறதுங்கிறது சரக்குக்குச் சரக்கு மாறும். அதனால சொல்லுக்குள்ள "வாங்குவோர்"னு வைக்காதீங்க. அதை வரியில சொல்லுங்க.

பதுளை சட்டத்தரணி

தலவாக்கலை அண்ணன் சொல்றதை நான் வழிமொழியிறேன், காரணம் வேற. நம்ம பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டினது, அதுல வாங்குறவருக்குப் பொருளைப் பார்த்துக்க நியாயமான வாய்ப்பு குடுக்கணும்னு இருக்கு. பொருளைக் கையளிக்கத் தக்க நிலைக்குக் கொண்டுவர்ற செலவு, வேற மாதிரி பேசிக்கலேன்னா விக்கிறவரோடது. பார்க்குறதுக்கு ஆகுற செலவு யாரோடதுன்னு அங்க வரி கிடையாது, அதனாலதான் ஒப்பந்தத்துல இந்த வரி வருது. படகு வியாபாரி இல்லாத தனி ஆள் விக்கிறப்போ தரத்துக்கு சட்டம் தானா எந்த உத்தரவாதமும் வாசிக்காது, வாங்குறவர் தன் கண்ணால பார்த்துக்கணும். அக்கா, சொல் எதுவானாலும் சரி, வரைவிலக்கணம்னு மேல ஒரு பந்தி போட்டு அதுல விளக்கிருங்க, கீழ எல்லா இடத்துலயும் அதே சொல்லு வரணும். ஒரு இடத்துல ஆய்வு, இன்னொரு இடத்துல சோதனைன்னு அழகுக்கு மாத்தினீங்க, கோர்ட்டுல அது ரெண்டு வேலைன்னு வாதம் வரும்.

அப்புத்தளை

நுவரெலியா அண்ணன் 6000 அடின்னு சொன்னதுக்கு ஒண்ணு. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிங்கிற பாய்க்கப்பலை ராபின்சன்னு ஒரு அமெரிக்கக்காரர் வாங்கி, நம்ம ஆளுங்களே ஓட்டிக்கிட்டுப் போயி 1938ல மாசசூசெட்ஸ் குளோஸ்டர்ல சேர்த்தாங்க, புளோரன்ஸ் சி. ராபின்சன்னு பேரு மாத்தினாரு. பழைய பாய்க்கப்பல் கைமாறுறது தமிழுக்குப் புதுசில்ல. அந்தக் கரையில கப்பல் ஓட்டுறவருக்குத் தண்டையல்னு பேரு, அகராதியில தேடாம அந்தப் பக்கத்து வயசானவங்ககிட்ட ஒரு போன் போட்டா சொல்லு கிடைக்கும்.

நுவரெலியா

வெள்ளிக்கிழமைக்குள்ளயா?

பண்டாரவளையிலிருந்து

எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாசிச்சேன். "வாங்குமுன் சோதனை", செய்யிறவர் "படகுச் சோதனையாளர்", காசு "சோதனைச் செலவு". வரைவிலக்கணத்துல ஒரே ஒரு தடவை சர்வேன்னு சேர்த்திருக்கேன். "வாங்குமுன்"கிறது நேரத்தைத்தான் சொல்லுது, ஆளைச் சொல்லல, அதனால தலவாக்கலை அண்ணன் ஒத்துக்குவாருன்னு நினைக்கிறேன். கை தூக்கினவங்க நாலு பேரு, மாஸ்டர் எதிர்ப்பு. சோதனைன்னா கஷ்டகாலம்னு ஒரு பொருள் இருக்குன்னு அம்மா சொன்னாங்க, படகு வாங்குறவருக்கு அதுவும் பொருந்தும்தானே. பாய்மரம் பாய்மரமாவே இருக்கு, மாஸ்டர் மன்னிக்கணும்.

அப்புத்தளை

அக்கா, அனுப்புறதுக்கு முந்தி ஒண்ணு. "கரையேற்றும் செலவு"ன்னு மட்டும் போட்டிருந்தா பத்தாது, "கரையேற்றி, மறுபடி இறக்கும் செலவு"ன்னு எழுதுங்க. பேரம் முறிஞ்சா படகு மேல நிக்கும், இறக்குற காசுக்கு ஆளாளுக்குக் கை காட்டுவாங்க, யார்ட் வாடகை நாளுக்கு நாள் ஏறும்.

பண்டாரவளையிலிருந்து

சேத்துட்டேன். அனுப்பியாச்சு.

ஹட்டன் மாஸ்டர்

என் எதிர்ப்பைப் பதிஞ்சு வைங்க. நோட்டம்தான் சரி. வண்ணக்கனைப் பத்தி இன்னும் எழுத வேண்டியது இருக்கு, ஞாயித்துக்கிழமை எழுதுறேன்.

மஸ்கெலியா டீச்சர்

கூலியை எடுத்துட்டா நோட்டத்துக்கு நானும் கை தூக்குறேன் மாஸ்டர். "நோட்டச் செலவு" நல்லாத்தான் இருக்கு. முந்தாநாளே சொல்லிருக்கலாம்.