மறுமொழி: கிட்டார் கலைஞரின் தொகுப்பில் பிறர் பாடினால் – 'விருந்துக்குரல்', 'வழித்தொகுப்பு'

அன்பின் நண்பர்களுக்கு, பாம்பனிலிருந்து வணக்கம்.

கிட்டார் கலைஞர் ஒருவரின் இசைத்தொகுப்பில் பிறர் வந்து பாடினால் அவர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் மறுபடி படித்தேன். கௌரவப் பாடகர், சிறப்புப் பாடகர், இணைப்பாடகர், பங்கேற்புப் பாடகர், அப்புறம் வெறும் 'உடன்'. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொகுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இவற்றில் எதுவும் பதில் சொல்லவில்லை. நாம் தேடும் சொல் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பையன்களுக்கு மாலையில் நேரம் இருக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற சிலர் கூடி உட்கார்ந்து இசை கேட்போம். கேட்கப்போகும் தொகுப்பைப் பற்றி அரைப்பக்கம் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கார்லோஸ் சாந்தானாவின் 'சூப்பர்நேச்சுரல்' தொகுப்பைப் போட்ட அன்று, அதில் 'ஸ்மூத்' பாடும் ராப் தாமஸ்தான் சாந்தானா என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். பாடுகிறவர் யாரோ அவருடையதுதானே பாட்டு!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நம் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. எங்கள் இராமநாதபுரம் சீமையையே எடுத்துக்கொள்ளுங்கள். சேதுபதி மன்னர்கள் ஆதரித்த பூச்சி சீனிவாச ஐயங்கார் வாய்ப்பாட்டுக்காரர், பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் குரு. அவர் பாடினால் அது அவர் கச்சேரி. இராமநாதபுரம் முருகபூபதியின் மிருதங்கத்துக்கு எத்தனை பேர் மயங்கினாலும் பாட்டுக் கச்சேரியில் அது பக்கவாத்தியம். சினிமாவிலும் பாடுபவர் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறார், ஆனாலும் பாட்டு அவர் பெயரில்தான் நினைவில் நிற்கிறது. குரல் நடுவில், கருவி பக்கத்தில் என்பதுதான் நம் வழக்கம். சாந்தானாவின் தொகுப்பில் இது தலைகீழ். கிட்டார் வீட்டுக்காரர், குரல் வந்து போகிறது. இந்தத் தலைகீழ் நிலையைச் சொல்ல நம்மிடம் தயாராக ஒரு சொல் இல்லாததால்தான் 'ராப் தாமஸ் பாட, சாந்தானா கிட்டார் வாசிக்க' என்று எழுதுகிறோம். எழுதிய மாத்திரத்தில் அந்த மனிதர் தன் தொகுப்பிலேயே பக்கவாத்தியக்காரர் ஆகிவிடுகிறார். 1969இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் வாசித்தவருக்கு இது நியாயமே இல்லை.

குரல் வந்து போகிறது என்று நான் சொல்வது வெறும் பேச்சல்ல. 1999இல் வந்த 'சூப்பர்நேச்சுரல்' பெரிய வெற்றி. 'ஸ்மூத்' அமெரிக்கப் பாடல் வரிசையில் 12 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தத் தொகுப்புக்கும் அதன் பாடல்களுக்குமாக 9 கிராமி விருதுகள் கிடைத்தன. அடுத்து 2002இல் வந்தது 'ஷாமன்'. அதில் 'த கேம் ஆஃப் லவ்' பாடியவர் மிஷெல் பிராஞ்ச். அதே பாட்டை அதற்கு முன்பே டீனா டர்னர் பாடிப் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு 2007இல் வேறொரு திரட்டில்தான் வெளியே வந்தது. 'ஷாமன்' தொகுப்பில் 'ஒய் டோன்ட் யூ அண்ட் ஐ' பாடியவர் சாட் க்ரோகர். அது தனிப்பாடலாக வெளியானபோது குரல் அலெக்ஸ் பேண்டுடையது. ஆக இரண்டு பாட்டிலும் கிட்டார் அப்படியே இருக்க, குரல் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். பாட்டு யார் வீடு என்று காதுக்கே தெரிந்துவிடும்.

இந்த உரைகல்லில் உரசினால் பட்டியல் சுருங்குகிறது. 'கௌரவ' என்றால் சினிமாவில் ஒரு காட்சிக்கு வந்து முகம் காட்டிப் போவது. இங்கே வந்தவர் முழுப் பாட்டையும் பாடுகிறார். 'சிறப்புப் பாடகர்' என்றால் சிறப்பு வந்தவருக்குப் போய்விடுகிறது, அழைத்தவர் சாதாரணமாகிறார். 'இணைப்பாடகர்' என்பதற்கு இருவர் பாட வேண்டும். 'பங்கேற்பு' எனக்குக் கருத்தரங்க அழைப்பிதழை நினைவூட்டுகிறது. 'உடன்' சின்னச் சொல், அழகாகவும் இருக்கிறது. 'சாந்தானா உடன் ராப் தாமஸ்' என்று அட்டையில் அடங்கும். ஆனால் யார் அழைத்தவர், யார் வந்தவர் என்பதை அது சொல்லாது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை ஒட்டி 'எடுப்புக்குரல்' என்று மூக்கையூர் நண்பர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த சொல். அதை விடவே மனமில்லை. ஆனாலும் அம்பாவில் எடுத்துக்கொடுப்பவரும் வாங்கிப் பாடுபவர்களும் ஒரே கயிற்றை இழுப்பவர்கள், அங்கே விருந்தாளி என்று யாரும் கிடையாது. அந்தச் சொல்லைக் குழுப்பாட்டில் முதற்குரல் கொடுப்பவருக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு 'விருந்துக்குரல்'.

விருந்து என்றதும் பிரியாணிதான் நினைவுக்கு வரும் என்று மறுப்பு வரும், தெரியும். ஆனால் 'வீட்டுக்கு விருந்து வந்திருக்கு' என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே விருந்து ஆளைத்தான் குறிக்கிறது. எங்கள் பக்கம் வந்தவரை 'விருந்தாடி' என்பதும் உண்டு. 'செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்' என்கிறார் வள்ளுவர். போன பாட்டில் ஒருவரை வழியனுப்பி, அடுத்த பாட்டுக்கு இன்னொருவரை எதிர்பார்த்து நிற்கும் சாந்தானாவுக்கு இதைவிடப் பொருத்தமாக யார் எழுத முடியும்? இன்னும் பின்னால் போனால், தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளில் (அழகுகளில்) ஒன்றாக 'விருந்து' வருகிறது. அங்கே அதற்குப் புதிதாகப் புனைந்த யாப்பு என்று பொருள். புதுமையும் புதிதாக வந்தவரும் ஒரே சொல்லுக்குள் இருக்கிறார்கள். பழைய கிட்டாருக்குப் புதுக்குரல் தேடிய தொகுப்புக்கு இந்த இரண்டு பொருளும் வேண்டும்.

பாடகர் என்று முடிக்காமல் குரல் என்று முடித்ததற்கும் காரணம் உண்டு. 'சூப்பர்நேச்சுரல்' தொகுப்பில் இன்னொரு கிட்டார் கலைஞரான எரிக் கிளாப்டன் வந்தது கிட்டாரோடு. 'விருந்து' என்பதை முன்னொட்டாக வைத்தால் விருந்துக்குரல், விருந்துக் கிட்டார் என்று வருவதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அட்டையில் இடம் இல்லையென்றால் 'விருந்து:' என்று மட்டும் போட்டுப் பெயரை எழுதிவிடலாம். பாடகர், பாடகி என்று பால் பிரிக்கும் தொல்லையும் இல்லை.

அடுத்தது, முந்தைய தொகுப்பின் முறையிலேயே பின்னால் வரும் 'ஷாமன்' போன்ற தொகுப்பை எப்படிச் சொல்வது என்பது. 'இரண்டாம் பாகம்' என்றால் கதை தொடர வேண்டும். 'தொடர் தொகுப்பு' வாராவாரம் வருவது போல ஒலிக்கிறது. 'பின்தொடர் தொகுப்பு' வேண்டவே வேண்டாம், யாரோ யாரையோ துரத்துவது போல இருக்கிறது. நன்னூலில் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்று வகை உண்டு. முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போய், பின்னால் எழுதுபவர் தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். 'ஷாமன்' செய்திருப்பது அச்சாக அதுவே. முன்னதைப் போலவே இதற்கும் பின்னால் இசைத் தயாரிப்பாளர் கிளைவ் டேவிஸ் இருந்தார், பாட்டுக்குப் பாட்டு ஆளை அழைக்கும் முறையும் அதே. ஆனால் விருந்தாக வந்தவர்கள் வேறு. ஓபரா பாடகர் பிளாசிடோ டொமிங்கோ வரை போயிருக்கிறார்கள். ஆகவே 'வழித்தொகுப்பு'. முன்னதை 'முதல் தொகுப்பு' என்றால் கலைஞரின் முதல் வெளியீடு என்று குழப்பம் வரும், அதனால் அதன் பெயரையே சொல்லிவிடலாம். 2005இல் வந்த 'ஆல் தட் ஐ ஆம்' தொகுப்பைச் 'சார்புத்தொகுப்பு' என்று சொல்ல ஆசையாக இருந்தாலும் வேண்டாம், அதற்கும் வழித்தொகுப்பே போதும். மூன்று அடுக்குப் போட்டால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

'முதுபெரும் கிட்டார் கலைஞர்' என்று எழுதியிருந்த நண்பருக்கு: மூத்த கிட்டார் கலைஞர் போதும். முதுபெரும் என்றால் இரங்கல் கூட்டச் சாயல் வந்துவிடுகிறது. கிட்டாரைக் கிட்டார் என்றே விட்டுவிடுவோம், அந்தப் பெயரை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் இப்படி வரும்: "ஷாமன் (2002), மூத்த கிட்டார் கலைஞர் கார்லோஸ் சாந்தானாவின் இசைத்தொகுப்பு. சூப்பர்நேச்சுரலின் வழித்தொகுப்பு. விருந்துக்குரல்கள்: மிஷெல் பிராஞ்ச், சீல், டைடோ, மேசி கிரே மற்றும் பலர்." வாய்விட்டுப் படித்தேன், எங்கும் தட்டவில்லை. பையன்களுக்கான குறிப்பிலும் இப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. சில பாட்டுகளுக்குத் தனி ஆளாக இல்லாமல் ஒரு குழுவே வந்திருக்கிறது. முந்தைய தொகுப்பில் மெக்சிகோவின் மானா, 'ஷாமன்' தொகுப்பில் ஓசோமாட்லி. அவர்களுக்கு 'விருந்துக்குழு' என்று போட்டிருக்கிறேன். அது சமையல் குழு போலத் தொனிக்கிறதா என்று சந்தேகம். 'வருகைக்குழு' என்றால் தணிக்கைக்கு வந்தவர்கள் போல இருக்கிறது. இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து