லேர்னிங் காமன்ஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
அனைவருக்கும் வணக்கம். நூலக அறிவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக நூலகங்கள் பற்றிய இயலில் பக்கத்துக்குப் பக்கம் ‘லேர்னிங் காமன்ஸ்’ வருகிறது. மாணவர்கள் சேர்ந்து படிக்கவும் விவாதிக்கவும் நூலகத்துக்குள்ளேயே அமைக்கும் இடம் அது. 1992-இல் அயோவா பல்கலைக்கழகம் ‘இன்ஃபர்மேஷன் ஆர்கேட்’ திறந்தது, 1994-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லீவி நூலகம் என்று வரலாறு போகிறது. பைண்டு செய்த பழைய இதழ்களைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் கணினிகள், சேர்ந்து உட்காரும் மேசைகள், எழுதி அழிக்கும் பலகைகள் வைக்கிறார்கள். நூலகரும் கணினி உதவியாளரும் ஒரே மேசையில். ‘கற்றல் பொதுவகம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

கணித்தமிழ் ஆர்வலர், கோவை:
பொதுவகம் வேண்டாம். விக்கிப்பீடியாவுக்கான படங்களையும் கோப்புகளையும் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்துக்கு அந்தப் பெயர் போய்விட்டது. மாணவர் தேடினால் கோப்புகளும் படங்களும்தான் வந்து நிற்கும். பொதுமம் என்றால், படைப்புகளைப் பிறரும் பயன்படுத்த உரிமம் வகுத்துத் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ்காரர்கள் வருவார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:
கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைகிறீர்களே! ‘வம்பலர் சேக்கும் கந்துடைப் பொதியில்’ என்கிறது பட்டினப்பாலை. பொது + இல். ஊருக்குப் புதியவரும் வந்து தங்கும் அம்பலம். ‘கல்விப் பொதியில்’ என்று வையுங்கள். பொதிகை மலைக்கும் பொதியில் என்ற பெயர் உண்டு. அவலோகிதர் உறையும் மலை என்று பௌத்தர்கள் சொல்லும் போதலகம் அதுவே என்பாரும் உளர். அப்படியானால் போதி + இல் என்றும் பிரிக்கலாம். அறிவு உறையும் இல்லம்! அகத்தியர்...

கோவை:
ஐயா, அகத்தியரை அப்புறம் பார்க்கலாம். பொதியில் என்றால் பிள்ளைகள் ஏழாம் வேற்றுமையாகப் படித்து ‘எந்தப் பொதியில்?’ என்பார்கள். ‘பொதியிலில் அமர்ந்து விவாதித்தனர்’ என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

தஞ்சாவூர்:
கோயிலில் சாமி கும்பிடுவதில்லையா, தம்பி?

யாழ்ப்பாணத்திலிருந்து:
ஐயா சொன்னது நல்ல பதில்! எங்கட ஊர்களில் வாசிகசாலை இருக்குது. பேப்பர் பார்க்கிறதும் அதைப் பற்றிக் கதைக்கிறதும் அங்கதான். அமைதியாக இரு என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனால் ‘கற்றல் வள நிலையம்’ என்று மட்டும் போடாதீங்கோ, பாடசாலை நூலகங்களுக்கு இங்கே அந்தப் பெயர்தான்.

கல்லூரி நூலகர், மதுரை:
‘மன்றம்’ என்று யாரும் ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். எந்த நடிகருக்கு என்று கேட்பார்கள்.

எனக்கு வேறு சந்தேகம். இதில் ‘பொது’ எங்கே இருக்கிறது? காமன்ஸ் என்றால் ஊரார் எல்லோருக்கும் உரிமை உள்ள மேய்ச்சல் நிலம். இவர்கள் சொல்லும் கூடத்தில் பல இடங்களில் அடையாள அட்டை இல்லாமல் கதவே திறக்காது. மேசையை வட்டமாகப் போட்டால் அது பொது ஆகிவிடுமா? உண்மையில் பொதுமை என்றால் பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் 2005-இல் செய்தது. ‘பென்டேக்ஸ்’ என்று வைத்து, நூலகப் பட்டியலில் இருக்கும் நூலுக்கே வாசகரும் குறிச்சொல் ஒட்டலாம் என்றார்கள். நூலகர் முறைப்படி போட்ட பொருள் தலைப்புக்குப் பக்கத்தில் ‘தேர்வுக்கு வேண்டியது’ என்று ஒரு மாணவர் எழுதிவைக்க முடிந்தது. அங்கே நாங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுத்தோம். இங்கே மாறியது மேசை நாற்காலி. அதனால் ‘கற்றல் கூடம்’ போதும்.

கோவை:
ஆய்வுக்கூடம், பள்ளிக்கூடம், உடற்பயிற்சிக்கூடம். கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போகும். ‘கூட்டுக் கற்றல் கூடம்’?

மதுரை:
பெயர்ப்பலகை எழுதுகிறவர் கூலியை ஏற்றிவிடுவார்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:
பதிப்பகத்திலிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது. பெரும்பான்மை ‘கற்றல் கூடம்’ பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘லேர்னிங் காமன்ஸ் எனப்படும் கற்றல் கூடம்’. மதுரை அம்மா எழுதிய அடையாள அட்டை விஷயத்தை அடிக்குறிப்பாகச் சேர்க்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த இயலில் ‘ஃபோக்ஸானமி’ வருகிறது. வாசகர்களே ஒட்டும் குறிச்சொற்களால் உருவாகும் வகைப்பாட்டுக்கு 2004-இல் தாமஸ் வாண்டர் வால் உண்டாக்கிய சொல். ‘மக்கள் வகைப்பாடு’ என்று எழுதிவிட்டேன். இதற்குத் தயவுசெய்து புது இழை தொடங்க வேண்டாம்.

தஞ்சாவூர்:
கூடத்துக்கு என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். புத்தகம் வந்ததும் என் படியில் பேனாவால் ‘பொதியில்’ என்று திருத்திக்கொள்வேன். மக்கள் வகைப்பாடு பற்றி: தொல்காப்பியர் ‘மாவும் மாக்களும் ஐயறி வினவே’ என்று வகுத்தபோது...