12,000 ரூபாய்க்குள் சேலத்திலிருந்து கடலோரம்: பைக்கில் இருவர் போய் வர வழி சொல்லுங்கள்

கொலுசுக்காரி, செவ்வாய்ப்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் வீட்டிலேயே கொலுசுக்குக் கண்ணி பற்றவைக்கும் வேலை செய்கிறோம். திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வெளியூர் என்றால் ஏற்காடு, மேட்டூர், குலதெய்வம் கோயில், அவ்வளவுதான். கடலை நான் பார்த்தது ஒரே ஒருமுறை. பள்ளிச் சுற்றுலாவில் மெரினாவுக்கு அழைத்துப் போனார்கள். போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. அலைச் சத்தம் கேட்டது, அலை தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் ஒருமுறை கடல் முன்னால் உட்கார வேண்டும் என்பது அன்றிலிருந்து இருக்கும் ஆசை.

பொங்கல் ஆர்டர் முடிந்து பிப்ரவரி முதல் வாரத்தில் ஐந்து நாள் ஓய்வு கிடைக்கும். சீட்டு எடுத்த பணத்தில் 12,000 ரூபாய் தனியாக வைத்திருக்கிறோம். 125 சிசி பைக், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் கொடுக்கிறது. கணவர் போட்ட திட்டம்: முதல் இரவு புதுச்சேரி, அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே தனுஷ்கோடி, பிறகு மதுரை வழியாக வீடு. கணக்குப் பார்த்தால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நாள் முழுதும் குனிந்து வேலை செய்வதால் எனக்கு இடுப்பு வலி உண்டு. அவருக்குத் தனுஷ்கோடி மேல் அவ்வளவு ஆசை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இந்தப் பணத்துக்குள், இந்த நாளுக்குள் இது நடக்குமா? கூட்டமில்லாமல் உட்காரக் கரை எங்கே இருக்கிறது?

ஆத்தூர் தமிழாசிரியர் (ஓய்வு)

வணக்கம் அம்மா. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பிப்ரவரியில் நானும் என் மனைவியும் பைக்கில் கடலோரம் போய் வந்தோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புதுச்சேரியையும் தனுஷ்கோடியையும் இந்த முறை விட்டுவிடுங்கள். புதுச்சேரியில் சனி, ஞாயிறு வந்தால் அறை வாடகை ஏறிவிடும். தனுஷ்கோடி வரை ஓட்டினால் ஐந்து நாளும் சாலையைத்தான் பார்ப்பீர்கள். நாங்கள் முதல்முறை போனபோது அந்தத் தவற்றைத்தான் செய்தோம். என் மனைவி ராமேஸ்வரத்தில் இறங்கியதும், “கடல் எங்கே இருந்தால் என்ன, எனக்குப் படுக்கக் கட்டில் வேண்டும்” என்றாள்.

சிதம்பரத்திலிருந்து கோடியக்கரை வரையுள்ள கரை உங்களுக்குப் போதும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வாழப்பாடி, ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாக உளுந்தூர்பேட்டை. பைக்குக்குச் சுங்கக் கட்டணம் இல்லை. நான் போனபோது ஊர்ப் புறவழிச்சாலைகளில் நான்கு வழி திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கியது. அந்த இடங்களில் லாரியை முந்த வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். விருத்தாசலம் வழியே மதியத்துக்குள் சிதம்பரம் சேரலாம். நடை சாயங்காலம் திறந்ததும் நடராசரைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்குங்கள். மறுநாள் காலை பிச்சாவரத்தில் துடுப்புப் படகு எடுங்கள். சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கால்வாயில் படகு நுழையும்போது தலையைக் குனிய வேண்டியிருக்கும்.

அடுத்து இரண்டு இரவு காரைக்காலில் தங்குங்கள். அங்கே சாதாரண விடுதிகள் நிறைய உண்டு. நாங்கள் ஓர் இரவுக்கு 900 ரூபாய் கொடுத்தோம். ஊர் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் பெட்ரோலும் சில ரூபாய் மலிவு. அங்கேயே டேங்க் நிரப்பிக்கொள்ளுங்கள்.

காரைக்காலைச் சொன்னதே தரங்கம்பாடிக்காகத்தான். பதினைந்து கிலோமீட்டர் தூரம். டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706-இல் வந்து இறங்கிய கரை அதுதான். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் இந்த ஊரில்தான். நாற்பது ஆண்டுகள் தமிழ்ப் பாடம் நடத்திய எனக்கு அந்த மண்ணில் நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில், கடல் அரித்த கல்லோடு. அதன் அருகே உட்கார்ந்திருந்தபோது ஒரு படகு கரையேறியது. வலையை மணலில் விரித்து, ஒரு பெரியவர் நண்டின் கொடுக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, சிக்கிய இழையை ஒவ்வொன்றாக விடுவித்தார். வலை அறுந்துவிடக் கூடாது, நண்டின் காலும் ஒடியக் கூடாது. என் மனைவி ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணி பற்றவைக்கும் உங்களுக்கு அந்தக் கை வேலை இன்னும் நன்றாகப் புரியும்.

பிறகு நாகூர், நாகை, வேளாங்கண்ணியில் அறை, அங்கிருந்து வேதாரண்யம், கோடியக்கரை. உப்பளங்களில் வெள்ளைக் குவியல்கள், சிலவற்றின் மேல் பனையோலை மூடியிருக்கும். 1917-இல் நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1930-இல் திருச்சியிலிருந்து நடந்து வந்து ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்தது இங்கேதான். சேலத்துக்காரர்கள் ஒருமுறையாவது அங்கே நிற்க வேண்டும். ஐந்தாம் நாள் வேளாங்கண்ணியிலிருந்து நேராகச் சேலம்.

மொத்தம் எண்ணூறு கிலோமீட்டர் வரும். பெட்ரோல் 1,700, அறைகள் 4,000, சாப்பாடு 3,000, படகும் மற்றதும் 1,000. மீதியைத் தொடாமல் வையுங்கள். எங்களுக்குச் சீர்காழிக்கு வெளியே டியூப் கிழிந்தது.

ஏற்காட்டுப் பெண், நாகை மருமகள்

தங்கை, பிறந்தது ஏற்காடு, நாகப்பட்டினத்துக்கு வாழ்க்கைப்பட்டு 22 ஆண்டுகள் ஆகின்றன. ஐயா சொன்ன ஊர்கள் எல்லாம் சரி, கடைசி இரண்டு நாளை மட்டும் நான் மாற்றுவேன். வேளாங்கண்ணியிலிருந்து சேலம் ஒரே நாளில் என்றால் கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர் வரும். இடுப்பு வலியோடு பின்னிருக்கையில் அது மிகவும் கொடுமை. நான்காம் நாள் காரைக்காலிலிருந்து விடியலில் கிளம்பி, நாகூர் தர்காவையும் வேளாங்கண்ணி மாதாவையும் பார்த்துவிட்டுக் கோடியக்கரை போங்கள். வெளிமான் கூட்டம் அங்கே உண்டு, இந்தப் பருவத்தில் பூநாரையும் வந்திருக்கும். மதியம் கிளம்பித் திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூரில் தங்குங்கள். மறுநாள் திருச்சி, நாமக்கல் வழியே வீடு, இருநூறு கிலோமீட்டர்தான்.

இன்னொன்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். நம் ஊர்க் கிணற்றில் நீந்தியவர்கள் கடலிலும் நீந்தலாம் என்று இறங்கிவிடுகிறார்கள். பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்திலும், வேறு எந்த முகத்துவாரத்திலும் இறங்கவே வேண்டாம். மற்ற இடங்களிலும் அங்குள்ள மீனவர்களைக் கேட்டுவிட்டு, முழங்கால் அளவோடு நில்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் எங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளில் ஆள் இல்லாமல் போனது. நினைவிடங்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போங்கள், படம் எடுக்க வேண்டாம்.

மீனுக்கு இது நல்ல மாதம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது வந்தால் விலை ஏறியிருக்கும். உப்புக்காற்றில் பைக் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். தினமும் இரவு நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டுமென்றால் பெரிய பெட்ரோல் பங்குகளில் நிறுத்துங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வராதீர்கள்.

கொலுசுக்காரி, செவ்வாய்ப்பேட்டை

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. இரண்டையும் கணவருக்குப் படித்துக் காட்டினேன். நண்டு வலையைப் படித்ததும் அவர் தனுஷ்கோடியை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டார். அக்கா சொன்னபடி தஞ்சாவூரில் தங்குகிறோம். ஐயா, ஒன்று மட்டும் சொல்லுங்கள். தரங்கம்பாடியில் சூரியன் எழும்போது நாங்கள் கரையில் இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு அறையை விட்டுக் கிளம்பட்டும்?

ஆத்தூர் தமிழாசிரியர் (ஓய்வு)

பிப்ரவரி முதல் வாரத்தில் ஆறரை மணி வாக்கில் சூரியன் எழும். ஐந்தேகாலுக்கு வண்டியை எடுங்கள், ஆறு மணிக்கு முன்பே மணலில் உட்கார்ந்துவிடலாம். பின்னிருக்கையில் குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா.