புதுப்பிப்பு: கஞ்சிக்கோட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பயிற்சி
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கஞ்சிக்கோட்டில் நான் பணிபுரியும் தொழிற்சாலையில் எந்தப் பயிற்சியானாலும் நிரந்தரப் பணியாளர்களுக்கே என்று சொல்லி, வாளையாறு, வேலந்தாவளம் பக்கமிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஒதுக்கியதைச் சென்ற இழையில் எழுதியிருந்தேன். அவர்களையும் பயிற்சியில் சேர்க்கக் கோரி நாங்கள் கொடுத்த மனுவுக்குப் பலன் கிடைத்திருக்கிறது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 111ஏ பிரிவு, பாதுகாப்பும் உடல்நலமும் குறித்த பயிற்சியைத் தொழிலாளியின் உரிமையாகவே வகுத்தது. ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரும் அச்சட்டத்தின் பார்வையில் தொழிலாளியாகவே கருதப்பட்டார். இதைச் சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி. பாதுகாப்பு வகுப்பில் இப்போது அனைவருக்கும் இடமுண்டு. பயிற்றுநர் மலையாளத்தில் சொல்வதை மூத்த ஃபிட்டர் ஒருவர் தமிழில் எடுத்துச்சொல்ல, பல ஆண்டுகளாக அதே இயந்திரத்தருகே நின்ற பெண்கள் சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானை முதன்முறையாகத் தாங்களே அழுத்திப் பார்த்தார்கள். இது இத்தனை காலம் மறுக்கப்பட்டிருக்கவே கூடாது.

சிஎன்சி, அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் இயந்திரங்களுக்கான பயிற்சி வேறு கதை. பெயரளவில் அனைவருக்கும் திறந்திருந்தாலும், ஷிப்டு முடிந்து கம்பெனிப் பேருந்து கிளம்பிய பிறகே, அதுவும் சம்பளமில்லாமல் நடப்பதால், வீட்டில் குழந்தைகளை விட்டு வரும் பெண்கள் ஒருவர்கூடச் சேரவில்லை. பயிற்சி நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று மறுமனு கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.