ஸ்பிரிட் ஏரிக்கரை விடுதிகள்: பழைய படங்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் அடிவாரத்தில் இருந்த ஸ்பிரிட் ஏரிக்கரை மரக்குடில் விடுதிகளின் வரலாற்றைத் திரட்டி வருகிறேன். 1980 மே 18 அன்று மலையின் வடபுறம் சரிந்து வெடித்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே விடுதி நடத்தி, எச்சரிக்கைகளுக்குப் பிறகும் வெளியேற மறுத்த 83 வயது ஹாரி ட்ரூமன் அந்த விடுதியோடு புதையுண்டார். ஏரியின் நீர்மட்டமும் ஏறத்தாழ 60 மீட்டர் உயர்ந்துவிட்டதால், பழைய கரையே இன்று இல்லை. அவரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஹார்மனி அருவி விடுதியையும் கரையோரச் சாரணர் முகாம்களையும் பற்றிப் பேசுவோர் மிகக் குறைவு. அவையும் பதிவாக வேண்டும் என்பதே என் விருப்பம்.

சியாட்டில், போர்ட்லாந்து பகுதிகளில் 1980க்கு முன்பே குடியேறிய குடும்பத்தினர் யாரேனும் அங்கே தங்கியிருந்தால், புகைப்படம், அஞ்சலட்டை, ரசீது என எது கிடைத்தாலும், ஆண்டைக் குறிப்பிட்டுப் பகிர்ந்து உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.