புதுப்பிப்பு: கப்பலில் தலைசுற்றாத அறை கிடைத்தது
போன கப்பல் பயணத்தில் முன்பக்க மேல்தள அறையில் மூன்று நாள் தலைசுற்றலோடு கிடந்ததைச் சொல்லி, அடுத்த முறை எந்த அறை நல்லது என்று கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி இந்த முறை கீழ்த்தளத்தில் நடுப்பகுதி அறையை எடுத்தோம். அவ்வளவு வித்தியாசம்! சீசா பலகை மாதிரிதான், முனைகள்தான் அதிகம் ஏறி இறங்கும். கப்பலின் பக்கவாட்டில் நீருக்குள் இருக்கும் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் இடவல ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்பின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாகத் தடுக்காது. மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு, தலைசுற்றல் வருமுன்பே போட்டுக்கொண்டேன்.

அப்புறம், ஏறிய நாளில் பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிட்டது. மருந்தும் மாற்றுத்துணியும் கைப்பையில் இருந்ததால் கவலையில்லை. கரையில் இறங்கும்போது கைக்கடிகாரம் கப்பலின் கடிகார நேரத்திலேயே இருக்கட்டும், திரும்பி ஏற வேண்டிய நேரம் அதன்படிதான். கைப்பேசியை நம்ப வேண்டாம், அது தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடலாம்.