தெருவில் கேரம் போட்டி, முதல் முறை ஆடுகிறேன்

செல்லூர்ப் பையன்:
பொங்கலுக்கு எங்கள் தெருவில் நட்பு முறையில் கேரம் டபுள்ஸ் வைக்கிறார்கள், நானும் பேர் கொடுத்துவிட்டேன். வீட்டில் கறுப்பு 10, வெள்ளை 20, ரெட் 50 என்று எண்ணித்தான் பழக்கம். இங்கே கிளப் ரூலாம். என்னால் ஜோடி ஆள் தோற்கக்கூடாது, கொஞ்சம் சொல்லுங்கண்ணே.

திருநகர்க்காரன்:
தம்பி, கிளப் ரூலில் நிறம்தான் கணக்கு. ஒரு பக்கத்துக்கு 9 காய், முதல் அடி அடிக்கிறவருக்கு வெள்ளை. உங்கள் காயை முடித்தால் எதிராளிக்கு மிச்சம் எத்தனை காயோ அத்தனை பாயிண்ட், ரெட்டும் உங்களுடையது என்றால் கூடுதலாக 3, ஆனால் ஸ்கோர் 22ஐத் தொட்டபின் அந்த 3 கிடையாது. 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு (ஒருவர் காய் முடியும்வரை ஆடும் ஒரு சுற்றுதான் ஒரு போர்டு), எது முதலில் வருகிறதோ அதோடு சரி. ரெட் போட்டால் அதே அடியிலோ அடுத்த அடியிலோ சொந்தக் காய் ஒன்றைப் போட்டு ஃபாலோ எடுக்கணும், இல்லையென்றால் ரெட் நடுவுக்கே திரும்பிவிடும்.

வண்டியூர் அக்கா:
அடிக்க வைக்கும்போது ஸ்ட்ரைக்கர் நம் பக்கத்து இரண்டு கோட்டையும் தொட்டிருக்கணும், வீட்டு ஆட்டத்தில் நாம் இதைக் கவனிப்பதே இல்லை. போன வருஷம் நான் ஃபவுல் கொடுத்ததெல்லாம் இதனால்தான், அப்புறம் ஒரு வாரம் மனசே ஆறவில்லை. ஜோடி எதிரே உட்காருவார், ஆட்டத்துக்கு நடுவில் சாடை காட்டாதே.

செல்லூர்ப் பையன்:
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. இன்று ராத்திரியே ஃபாலோ பழகுகிறேன்.